பத்து அங்குலப் படம்

பத்து அங்குல நீளமும் மூன்றரை அங்குல உயரமும் கொண்ட புகைப்படம் எந்த ஆல்பத்திலும் ஒழுங்காக அடங்குவதில்லை. நான்குக்கு ஆறு என்ற அளவில் அமைந்த உறைகளில் அது நுழையாது. மடித்தால் நடுவே கோடு விழும். ஆகவே அது கல்யாணப் பத்திரிகைகளோடும் காலாவதியான பாஸ்புக்குகளோடும் ஏதேனும் ஒரு பழுப்புநிற உறைக்குள் தங்கிவிடும். 1990களில் வெளிநாட்டில் இருந்த உறவினர்களின் கடிதங்களோடு இத்தகைய படம் ஒன்றிரண்டு சில இல்லங்களுக்கு வந்திருக்கக்கூடும். ஒரு முனையிலிருந்து மறு முனை வரை மலைத்தொடர். அதன் முன்னே வரிசையாக நிற்கும் குடும்பத்தார். பார்ப்பவர், இதை எடுத்தது விலையுயர்ந்த கருவியாகத்தான் இருக்கும் என்று எண்ணுவார். ஆனால் அது அட்டைப்பெட்டியால் ஆன கேமராவாகவும் இருக்கலாம். பிலிம் தீர்ந்ததும் பெட்டியோடு ஸ்டுடியோவில் கொடுத்துவிட்டுப் படங்களை மட்டும் வாங்கி வரும் ‘யூஸ் அண்ட் த்ரோ’ கேமரா அது.

இந்த வகைக் கேமராவுக்குப் பூர்வீகம் உண்டு. 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் கோடக் கேமராவில் நூறு படங்களுக்கான சுருள் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருந்தது. எடுத்து முடித்தவர் கேமராவையே ராச்செஸ்டர் நகரத்துக்கு அனுப்பிவிடுவார். படங்களும், புதிய சுருள் ஏற்றிய கேமராவும் திரும்பி வரும். அதன் விலை 25 டாலர். மீண்டும் சுருள் ஏற்ற 10 டாலர். அந்நாளில் அது சாமானியர் கைக்கு எட்டும் தொகையன்று. 1949இல் அமெரிக்காவில் ஃபோட்டோ-பேக் என்ற பெயரில் எட்டுப் படங்கள் எடுக்கக்கூடிய அட்டைக் கேமரா 1 டாலர் 29 சென்டுக்கு வந்தது, நிலைக்கவில்லை. நிலைத்தது ஜப்பானிய முயற்சி. ஃபியூஜி நிறுவனம் 1986இல் வெளியிட்ட அந்தப் பெட்டியை ஜப்பானில் கேமரா என்று சொல்வதைவிட ‘லென்ஸ் பொருத்திய பிலிம்’ என்று சொல்வதே வழக்கமாயிற்று. இது மிகச் சரியான பெயர். வாங்குபவர் வாங்குவது பிலிம். அதற்கு உறையாக ஒரு லென்ஸும் ஒரு பொத்தானும் வருகின்றன.

பெட்டியின் உள்ளே இருக்கும் ஓர் ஏற்பாடு சிக்கனத்துக்கும் எச்சரிக்கைக்கும் நல்ல உதாரணம். சாதாரணக் கேமராவில் எடுத்த படங்கள் குப்பியிலிருந்து வெளியே வந்து மறுபக்கத்தில் சுற்றிக்கொள்ளும். முடிந்ததும் பின்னோக்கிச் சுற்ற வேண்டும். 35 மில்லிமீட்டர் பிலிம் கொண்ட அட்டைக் கேமராவிலோ, தொழிற்சாலையிலேயே சுருள் முழுவதும் வெளியே இழுக்கப்பட்டுவிடுகிறது. ஒவ்வொரு படம் எடுத்தபின்னும் சக்கரத்தைத் திருகும்போது, எடுத்த படம் குப்பிக்குள் பத்திரமாகப் போய்விடும். எண்ணிக்கை காட்டும் சிறு சாளரத்தில் எண் இறங்கிக்கொண்டே வருவதும் இதனால்தான். அது காட்டுவது செலவை அன்று, கையிருப்பை. நடுவழியில் பெட்டி உடைந்து திறந்துகொண்டாலும் எடுக்காத படங்களே வீணாகும். எடுத்தவை பெரும்பாலும் தப்பிவிடும்.

இந்த எளிய பெட்டியிலிருந்து அகலமான படம் எப்படி வந்தது? 1989இல் கோடக் நிறுவனம் ‘ஸ்ட்ரெட்ச் 35’ என்ற கேமராவை வெளியிட்டது. பன்னிரண்டே படங்கள். ஒவ்வொன்றும் பத்து அங்குலத்துக்கு மூன்றரை அங்குலமாகப் பிரிண்ட் செய்து தரப்படும். பெயரைக் கேட்டால் பிலிமையோ காட்சியையோ இழுத்து நீட்டும் ஏதோ வித்தை உள்ளே இருப்பதாகத் தோன்றும். உண்மையில் பிலிம் அதே 35 மில்லிமீட்டர் பிலிம். அதில் ஒரு படத்துக்குரிய இடம் வழக்கமாக 36 மில்லிமீட்டர் அகலம், 24 மில்லிமீட்டர் உயரம். ஸ்ட்ரெட்ச் கேமராவில் மேலேயும் கீழேயும் தடுப்பு வைத்து, உயரத்தை ஏறக்குறைய 13 மில்லிமீட்டராகக் குறைத்திருந்தார்கள். அகலம் ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடவில்லை. பிலிமில் ஏறத்தாழப் பாதி இடம் ஒளியே படாமல் வெறுமையாகத் திரும்பியது. அந்த வெறுமைக்கும் வாங்கியவரே விலை கொடுத்திருந்தார்.

இதை ஏமாற்று என்று ஒதுக்கிவிடுவது நியாயமன்று. அந்தக் கேமராவின் லென்ஸ் 25 மில்லிமீட்டர் குவியத் தூரம் கொண்டது. சாதாரண ஃபியூஜி அட்டைக் கேமராவில் இருப்பது 32 மில்லிமீட்டர். குவியத் தூரம் குறையக் குறையப் பார்வை விரியும் என்பது பள்ளிக்கூடத்துப் பௌதிகம். கணக்கிட்டுப் பார்த்தால் சாதாரணக் கேமரா இடவலமாக ஏறக்குறைய 59 பாகையும் மேல்கீழாக 41 பாகையும் காணும். ஸ்ட்ரெட்ச் கேமரா இடவலமாக 72 பாகையும் மேல்கீழாக 28 பாகையும் காணும். பக்கவாட்டில் வரவு 13 பாகை. உயரத்தில் செலவும் அதே 13 பாகை. பேரேட்டில் இதைவிடத் துல்லியமாக இரு பக்கமும் நேராவது அரிது.

ஆனால் இன்னொரு செலவு கணக்கில் மறைந்து நிற்கிறது. 36 மில்லிமீட்டர் அகலமுள்ள நெகட்டிவை ஆறு அங்குலப் படமாக்க நான்கு மடங்கு பெரிதாக்கினால் போதும்; பத்து அங்குலமாக்க ஏழு மடங்கு பெரிதாக்க வேண்டும். லென்ஸ் பிளாஸ்டிக் லென்ஸ். தூரத்தைத் திருத்திக்கொள்ள வழியில்லாதது. நான்கு மடங்கில் கண்ணுக்குத் தெரியாத மங்கலும் மணல்மணலான துகள்களும் ஏழு மடங்கில் வெளியே வந்துவிடும். பழைய நீளப் படங்களில் முகங்கள் கரைந்தாற்போல் இருப்பதற்கு வயது மட்டுமே காரணமன்று.

இங்கே 1996இல் வந்த ஏ.பி.எஸ். பிலிம் முறையைச் சற்று நினைவுகூரலாம். அதிலும் நீளப் படம் எடுக்க வசதி இருந்தது. ஆனால் அதில் பிலிமின் முழு இடத்திலும் காட்சி பதிவாகும். ‘இதை நீளமாகப் பிரிண்ட் செய்க’ என்ற குறிப்பு மட்டும் தனியே பதிவாகும். பின்னொரு நாளில் பேரப்பிள்ளைகள் விரும்பினால், வெட்டப்பட்ட வானத்தையும் தரையையும் நெகட்டிவிலிருந்து மீட்டுக்கொள்ளலாம். அட்டைக் கேமராவின் தடுப்பு மறைத்ததை யாராலும் மீட்க முடியாது. தாத்தாவின் தலைப்பாகையின் நுனி அந்தத் தடுப்புக்குள் போயிருந்தால் போனதுதான். அந்த ஏ.பி.எஸ். பிலிமின் உற்பத்தியும் 2011இல் நின்றுபோயிற்று என்பது வேறு சங்கதி.

இத்தகைய நீளக் கேமரா இன்னும் எவரிடமேனும் உறை பிரிக்காமல் இருந்தால், அதன் பிலிமும் காலாவதியாகியிருக்கும். எனினும் அதைக் கையாண்டவர்கள் கற்ற சில பாடங்கள், எந்தக் கேமராவில் நீளப் படம் எடுப்பவருக்கும் பயன்படும். முதலாவது, மட்டம். பத்து அங்குலப் படத்தில் கேமரா இரண்டு பாகை சாய்ந்தாலே ஒரு முனைக்கும் மறு முனைக்கும் மூன்றில் ஒரு அங்குலத்துக்கு மேல் ஏற்றத்தாழ்வு வந்துவிடும். அது படத்தின் மொத்த உயரத்தில் பத்தில் ஒரு பங்கு. கடல் சாய்ந்து வழிவதுபோல் இருக்கும். இரண்டாவது, ஓரம். விரிந்த பார்வையுள்ள லென்ஸ் ஓரத்தில் உள்ளவற்றைப் பக்கவாட்டில் இழுக்கும். 72 பாகைப் படத்தில் கடைசியில் நிற்பவர் தம் உண்மையான பருமனைவிட ஐந்தில் ஒரு பங்குக்குமேல் அகன்று தோன்றுவார். வீட்டு மருமகளை வரிசையின் கோடியில் நிறுத்திவிட்டு, பிறகு படத்தைக் காட்டிச் சமாதானம் சொல்வதைக் காட்டிலும், இரு கோடிகளிலும் தூணோ மரமோ வரும்படி நிறுத்துவது உத்தமம்.

மூன்றாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அகலப் படம் என்றவுடன் தொலைவில் உள்ள மலையையும் கடலையும் மட்டுமே எடுக்கத் தோன்றுகிறது. அப்படி எடுத்தால் மலை ஒரு மெல்லிய கோடாகச் சுருங்கி, மேலே வெற்று வானமும் கீழே வெற்றுத் தரையும் நிற்கும். அருகே ஏதேனும் ஒன்று வேண்டும். ஒரு படிக்கட்டு, ஒரு படகு, கைப்பிடிச் சுவர் எதுவாயினும் சரி. அது இருந்தால்தான் தொலைவு தொலைவாகத் தெரியும். ஆனால் ஒரு மீட்டருக்கும் நெருங்கி வந்தால் அட்டைக் கேமராவின் லென்ஸுக்கு அது தெளிவாகப் புலப்படாது.

வெளிச்சத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஸ்ட்ரெட்ச் கேமராவில் ஃபிளாஷ் கிடையாது. துவாரமும் மிகச் சிறியது. பிலிமும் 200 வேகமே. வெயிலில் எடுத்தால்தான் உண்டு. ஃபிளாஷ் உள்ள சாதாரண வகையிலும் அதன் ஒளி மூன்று மீட்டர் வரைதான் உருப்படியாக எட்டும். நீண்ட மண்டபத்தின் மறுகோடியைத் தொடாது. கலர் நெகட்டிவ் பிலிமின் குணம் என்னவென்றால், ஒளி மிகுந்து விழுந்தால் பெருமளவு பொறுத்துக்கொள்ளும்; குறைந்து விழுந்தால் இருண்ட பகுதிகள் அடியோடு இல்லாமற் போகும். ஆகவே சந்தேகம் வந்தால் வெயிலின் பக்கமே சாய வேண்டும்.

அகலத்தைப் பெறுவதற்கு வெட்டுவது ஒரு வழி. சுழல்வது மற்றொரு வழி. 1904இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற சர்க்கட் கேமரா, முக்காலியின் மீது கடிகார விசையால் மெல்லச் சுழலும்; உள்ளே பிலிமும் ஒரு குறுகிய பிளவின் பின்னே நகர்ந்துகொண்டே இருக்கும். பள்ளிக்கூட மாணவர்கள், படைப்பிரிவுகள், மாநாட்டுப் பிரதிநிதிகள் என்று நூற்றுக்கணக்கானோர் வரிசையாக நிற்கும் நீள நீளமான படங்கள் அதனால் வந்தன. நேர்கோட்டில் நிற்கவைத்தால் நடுவில் உள்ளவர்கள் பெரிதாகவும் ஓரத்தில் உள்ளவர்கள் சிறிதாகவும் விழுவார்கள். அதனால் கேமராவை மையமாக வைத்து வில்போல் வளைத்து நிறுத்துவார்கள்; படத்தில் அந்த வளைவு நேர்வரிசையாகிவிடும். கேமரா ஒரு கோடியிலிருந்து திரும்பத் தொடங்கியதும், அந்தக் கோடியில் நின்ற பையன் பின்புறமாக ஓடி மறு கோடியில் போய் நின்று, ஒரே படத்தில் இரண்டு இடத்தில் சிரித்துக்கொண்டிருப்பதும் உண்டு.

மூன்றாவது வழி இணைப்பது. இதற்கு உலகின் சிறந்த பழைய உதாரணங்களில் ஒன்று தஞ்சாவூரில் எடுக்கப்பட்டது.

லின்னேயஸ் டிரைப் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் கேப்டனாக இருந்தவர். 1856இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டு, அடுத்த ஆண்டின் இறுதியில் புறப்பட்டு, ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர் முதலிய தலங்களைப் படமெடுத்தார். 1858இல் அவர் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை எடுத்த முறையை இன்று நினைத்தாலும் வியப்பாக இருக்கும். அவரிடம் இருந்த கேமரா ஒரே சமயத்தில் சுவரின் ஒரு சிறு பகுதியைத்தான் எழுத்துத் தெரியும்படி காணும். தள்ளிப் போய் மொத்தச் சுவரையும் ஒரே படத்தில் அடக்கினால் எழுத்துகள் எறும்பாகிவிடும். ஆகவே அவர் ஒரு பகுதியை எடுத்தார். கனத்த கேமராவையும் அதன் தாங்கியையும் பக்கவாட்டில் நகர்த்தினார். அடுத்த பகுதியை எடுத்தார். இப்படி எடுத்த 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டியபோது ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே படம் கிடைத்தது.

அந்தக் கல்வெட்டுகள் எத்தகையவை என்பதைப் பெரிய கோயிலுக்குச் செல்லும் அன்பர்கள் அறிவார்கள். முதலாம் இராசராசனும் அவன் குடும்பத்தாரும் அதிகாரிகளும் கோயிலுக்கு அளித்த பொன், நகை, திருமேனிகள், ஊர்கள், விளக்குக்கு விட்ட ஆடுகள் ஆகிய எல்லாவற்றின் கணக்கும் அவற்றில் உண்டு. ஊர்ச் சபைகளிடம் கோயில் பணத்தைக் கடனாக வைத்து, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி என்று விதித்திருக்கிறார்கள். அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. முதலைத் தொடாமல் வட்டியைக் கொண்டு தர்மம் நடக்க வேண்டும் என்னும் ஏற்பாட்டை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்தவர்கள், இன்றைய நிரந்தர வைப்புக் கணக்கைக் கண்டு வியக்கமாட்டார்கள். டிரைப் படமெடுத்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகுதான், 1890களில், ஹூல்ட்ஷ் அவற்றைப் படித்து அச்சிட்ட தொகுதிகள் வெளிவரத் தொடங்கின. எழுத்தை வாசிக்க முடிகிற அளவுக்குத் தெளிவு வேண்டும் என்பதற்காகவே அந்த நீளம் தேவைப்பட்டது. கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்பதற்காக அன்று.

டிரைப்பின் பதவி நெடுங்காலம் நீடிக்கவில்லை. 1859இல் சென்னைக்கு ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், நிதி நெருக்கடியான காலத்தில் இது ஓர் ஆடம்பரம் என்று கருதி நிறுத்தச் சொல்லிவிட்டார். செலவுக் குறைப்பு என்று வந்தால் முதலில் எந்தத் தலைப்பில் கை வைப்பார்கள் என்பது அன்றும் இன்றும் ஒன்றே.

வெட்டிய படத்தையும் இணைத்த படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அட்டைக் கேமராவை வைத்திருக்கும் குடும்பத்தாருக்கு நல்ல வழி எது என்பது விளங்கும். ஸ்ட்ரெட்ச் கேமரா இன்று கடையில் இல்லை. சாதாரண அட்டைக் கேமராக்களை ஃபியூஜியும் கோடக்கும் இன்றும் விற்கின்றன. பெரும்பாலும் 27 படங்கள். அதன் உள்ளே கறுப்பு அட்டையை வெட்டி வைத்து நீளக் கேமராவாக்கிவிடலாமே என்ற யோசனை கைவேலைப் பிரியர்களுக்குத் தோன்றலாம். வேண்டாம். ஃபிளாஷ் உள்ள பெட்டியில், பேட்டரியை எடுத்த பின்னும் சில நூறு வோல்ட் மின்சாரம் கெபாசிட்டரில் தேங்கியிருக்கும். தொட்டவரைத் தூக்கிப் போடும். வெட்டித்தான் தீர வேண்டுமானால், பிரிண்டான பிறகு வீட்டுக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொள்ளலாம். நிறுவனம் செய்ததும் ஏறக்குறைய அதுவே.

அதைவிட, கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடித்து, இடமிருந்து வலமாக மூன்று படங்கள் எடுக்க வேண்டும். ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தின் மூன்றில் ஒரு பங்கு மீண்டும் விழ வேண்டும். செங்குத்தாகப் பிடிக்கும்போது ஒரு படம் இடவலமாக 41 பாகை காணும். மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று போனால் மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 95 பாகை. மேல்கீழாக 59 பாகை. நீளக் கேமராவின் 72க்கு 28 எங்கே, இது எங்கே! நான்குக்கு ஆறு அளவிலான மூன்று பிரிண்டுகளை ஒட்டினால் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமும் முழு ஆறு அங்குல உயரமும் உள்ள படம் கிடைக்கும். பெரிதாக்கியதோ நான்கு மடங்கு மட்டுமே. 27 படங்களில் இத்தகைய நீளப் படங்கள் ஒன்பது எடுக்கலாம். பன்னிரண்டுக்குப் பதில் ஒன்பது. எண்ணிக்கையில் சற்றுக் குறைவு, மற்ற எல்லாவற்றிலும் மிகுதி.

இந்த வேலையில் அட்டைக் கேமராவின் ஒரு குறை நிறையாக மாறுகிறது. தானியங்கிக் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தைத் தானே அளந்து மாற்றிக்கொள்ளும். வெயில் பட்ட கோபுரம் வரும் படத்தில் வானம் கறுக்கும். நிழலான மண்டபம் வரும் படத்தில் அதே வானம் வெளுக்கும். இரண்டையும் அருகருகே ஒட்டினால் நடுவே வேலி கட்டியதுபோல் இருக்கும். அட்டைக் கேமராவுக்கு அளக்கத் தெரியாது. அதன் துவாரம், ஷட்டரின் வேகம், தெளிவின் தூரம் மூன்றும் தொழிற்சாலையில் விதிக்கப்பட்டவை. மூன்று படங்களும் ஒரே அளவு ஒளியோடு பிலிமில் விழும். ஆனால் பிரிண்ட் செய்யும் இயந்திரம் அதைக் கெடுத்துவிடாமல் இருக்க, ‘மூன்றையும் ஒரே சீராகப் போடுங்கள்’ என்று ஸ்டுடியோவில் சொல்லிவைக்க வேண்டும். ஃபிளாஷையும் போடக்கூடாது, அது அருகில் உள்ள தரையை மட்டும் வெளுப்பாக்கும்.

எங்கே நின்று எடுப்பது என்பதில் இரண்டு முறைகள் உண்டு. இதில்தான் பலர் தவறுகிறார்கள். தெப்பக்குளம், மலை, திருவிழா மைதானம் போன்ற விரிந்த காட்சியானால் நின்ற இடத்தை விட்டு நகராமல் திரும்ப வேண்டும். அதிலும் உடம்பை அச்சாக வைத்துக் கை நீட்டிச் சுழன்றால், அருகில் உள்ள தூண் ஒரு படத்தில் ஓரிடத்திலும் அடுத்த படத்தில் வேறிடத்திலும் விழும். கேமரா இருந்த இடத்திலேயே இருக்க, மனிதர் அதைச் சுற்றி அடியெடுத்து வைக்க வேண்டும். நீண்ட சுவர், ஓவிய வரிசை, சிற்பத் தொகுதி போன்றவையானால் அதற்கு நேர்மாறாகத் திரும்பவே கூடாது. டிரைப் செய்ததுபோல் சுவரிலிருந்து ஒரே தூரத்தில் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து எடுக்க வேண்டும். முதல் முறையில் எடுத்த படங்களை ஒட்டும்போது படிக்கட்டு போன்ற நேர்கோடுகள் ஒட்டுமிடத்தில் சற்றே முறியும். அதைத் தவிர்க்க முடியாது, பொறுத்துக்கொள்ளலாம்.

உயரமான ஒன்றுக்கும் இந்தக் கணக்கு உதவும். கிழக்கு நோக்கிய பெரிய கோயிலின் விமானம் ஏறக்குறைய 200 அடி. கேமராவை மட்டமாகவும் செங்குத்தாகவும் பிடித்து, நுனி முதல் அடி வரை ஒரே படத்தில் வர வேண்டுமானால், 32 மில்லிமீட்டர் லென்ஸுக்குச் சுமார் 355 அடி தள்ளி நிற்க வேண்டும். 25 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 280 அடி போதும். அவ்வளவு தள்ளிப் போக இடமில்லாதபோது எல்லாரும் செய்வது கேமராவை அண்ணாந்து பிடிப்பது; அப்போது விமானம் பின்னோக்கிச் சாய்ந்து விழுவதுபோல் இருக்கும். அதற்குப் பதில் காலை வெயில் முகப்பில் விழும் வேளையில் கிழக்கே தூர நிற்பதே நல்லது. சந்நிதிக்குள்ளும், நிர்வாகத்தார் தடுத்துள்ள இடங்களிலும் கேமராவை வெளியே எடுக்கலாகாது என்பதை இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பிரிண்டுகள் வந்த பிறகு ஒட்டும் வேலையை அவசரமில்லாத ஒரு மத்தியானத்துக்கு வைத்துக்கொள்வது நன்று. முதலில் நடுப்படத்தைத் தடித்த அட்டையில் வைத்து, இரு பக்கத்துப் படங்களை அதன்மேல் நகர்த்திப் பொருத்திப் பார்க்க வேண்டும். தொலைவில் உள்ள கோட்டைப் பொருத்தினால் அருகில் உள்ளது விலகும். அருகில் உள்ளதைப் பொருத்தினால் தொலைவு விலகும். மனித முகம் எங்கே இருக்கிறதோ அங்கே பொருத்துவது வழக்கம். வெட்டும் கோடு தூண் அல்லது மரத்தின் விளிம்பில் போனால் ஒட்டுத் தெரியாது. பசை பிரிண்டின் மேற்பரப்பில் படக்கூடாது.

ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே சக்கரத்தைத் திருக வேண்டியிருப்பதால் நான்கைந்து விநாடிகள் ஆகும். அதற்குள் மேகம் நகரும். பூக்காரர் தட்டை மாற்றி வைப்பார். கொடிமரத்தின் அருகே நின்ற பேரன், முதல் படம் எடுத்தாயிற்று என்று எண்ணிப் பாட்டியின் பக்கம் ஓடிவிடுவான். ஒட்டி முடித்தபின் பார்த்தால் அவன் இரண்டு இடத்தில் இருப்பான். பாட்டியின் அருகே இருப்பவனை வைத்துக்கொண்டு மற்றவனை வெட்டிவிடலாமா, அல்லது இருவரையும் விட்டுவிடலாமா என்பதை வீட்டார் கூடித் தீர்மானிக்க வேண்டியதுதான்.